வெளியே மூச்சுவிடும் நெருப்பு

குளிர்தேசத்து வீடுகளில் ‘டைரக்ட் வென்ட்’ கணப்படுப்பு வாங்குவோர் முதலில் கேட்கவேண்டிய கேள்வி எது?

கனடா தேசத்து ஒன்டாரியோ மாகாணத்தில், டொராண்டோ மாநகரின் கிழக்குப் பகுதியாகிய ஸ்கார்பரோவிலும் அதற்கு வடக்கே விரிந்து கிடக்கும் மார்க்கம் நகரிலும், சொந்த வீடு வாங்கிக் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. மார்கழிப் பனிக்கு ஒரு போர்வையே அதிகம் என்று எண்ணி வளர்ந்த அந்த மனிதர்கள், பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரி வரையில் உஷ்ணமானி இறங்கிவிடுகிற ஜனவரி இரவுகளை, பேஸ்மென்ட்டில் உறுமிக்கொண்டிருக்கும் ஃபர்னஸின் தயவில் கடத்தப் பழகிவிட்டார்கள். ஆயினும் கூடத்தில் கண்ணுக்குத் தெரியும்படி ஒரு தீ எரியவேண்டும், அதன் எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து தேநீர் அருந்தவேண்டும் என்ற ஆசை, தரையோரத்துத் துவாரங்களிலிருந்து வரும் வெப்பக் காற்றினால் தீர்வதில்லை. ஐப்பசி பிறந்து மேப்பிள் மரங்கள் இலை உதிர்க்கத் தொடங்கியவுடன் கணப்படுப்பு விற்கும் கடைகளில் கூட்டம் சேர்வதற்கு அந்த ஆசையே பிரதான காரணம்.

அங்கே நடக்கும் சம்பாஷணை பெரும்பாலும் ஒரே மாதிரியானது. வரிசையாக எரிந்துகொண்டிருக்கும் அடுப்புகளுள் ஒன்றின் முன்னே நின்று, “இஞ்சேருங்கோ, இதுதான் வடிவாக் கிடக்கு, உண்மையான கட்டை எரியிற மாதிரியே இருக்கு” என்பார் மனைவி. “ஓம், ஆனா அந்த மற்றதிலை நாப்பதினாயிரம் எண்டு போட்டிருக்கு, அது கூடச் சூடு தரும்” என்பார் கணவர். தீயின் அழகு முதலாவதாகவும், அட்டையில் அச்சிட்ட பெரிய எண் இரண்டாவதாகவும், விலை மூன்றாவதாகவும் பேசப்பட்டு வியாபாரம் முடிந்துவிடுகிறது. புகைக்குழாய் எந்தச் சுவரைத் துளைத்துக்கொண்டு எந்த இடத்தில் வெளியே போகும் என்ற கேள்வியோ, பணம் கட்டி ரசீது வாங்கிய பிறகு, பொருத்த வருகிறவர் வாசலில் வந்து நின்று கேட்கும்போதுதான் எழுகிறது. மாப்பிள்ளையின் மீசையைப் பார்த்துச் சம்பந்தம் பேசி முடித்துவிட்டு, அவர் எந்த ஊரில் என்ன உத்தியோகம் பார்க்கிறார் என்பதைத் தாலி கட்டிய பிறகு விசாரிப்பதற்கு ஒப்பான காரியம் இது.

இந்த வரிசையை அப்படியே தலைகீழாகத் திருப்பிவிட்டால், தவறான அடுப்பை வாங்குவது ஏறக்குறைய அசாத்தியமாகிவிடும். குழாயை முதலில் யோசிப்பது, அறையின் தேவையை அடுத்தபடி கணக்கிடுவது, மின்சாரம் நின்றுபோனால் அடுப்பு என்ன செய்யும் என்பதை மூன்றாவதாக விசாரிப்பது, அழகைக் கடைசியில் பார்ப்பது என்பதே விவேகமான கிரமம். அதற்குரிய காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அறைக் காற்றைத் தொடாத தீ

வீட்டுக்குள் எரிகிற எந்தத் தீக்கும் இரண்டு தேவைகள் உண்டு: எரிவதற்குப் பிராணவாயு வேண்டும், எரிந்த பின் உண்டாகும் கழிவு வாயுக்கள் போவதற்கு ஒரு வழி வேண்டும். இவ்விரண்டையும் திறந்த கணப்பு எவ்வளவு மோசமாக நிர்வகிக்கிறது என்பதைப் பிலடெல்பியா நகரில் அச்சுத்தொழில் நடத்திவந்த பெஞ்சமின் பிராங்க்ளின் நன்கு கண்டறிந்து, தாம் வகுத்த இரும்புக் கணப்பைப் பற்றி 1744-ஆம் வருஷத்தில் வெளியிட்ட சிறு பிரசுரத்தில் விஸ்தாரமாக எழுதினார். திறந்த கணப்பில் எரியும் தீ, அறையிலுள்ள வெதுவெதுப்பான காற்றைப் புகைபோக்கி வழியாக ஓயாமல் மேலே இழுத்துத் தள்ளுகிறது. அப்படி வெற்றிடமாகும் அறையை நிரப்புவதற்குக் கதவிடுக்குகளிலும் ஜன்னல் சந்துகளிலும் புகுந்து வெளியிலுள்ள குளிர்காற்று வருகிறது. ஆகையால் நெருப்பின் முன்னே உட்கார்ந்திருப்பவனுக்கு முகம் வேகிறது, முதுகு உறைகிறது. இரண்டே முக்கால் நூற்றாண்டுகளுக்கு முன் அவர் சொன்ன குறை, இன்றும் ஸ்கார்பரோவின் பழைய வீடுகளில் செங்கல் கணப்பில் விறகு எரிப்பவர்கள் அனுபவித்து அறிகிற குறைதான்.

டைரக்ட் வென்ட் என்ற அமைப்பு இந்தக் குறையை அடியோடு களைந்துவிடுகிறது. இதில் தீ எரியும் பெட்டி, முன்புறக் கண்ணாடி உட்பட, நாற்புறமும் இறுக மூடப்பட்டது. பெட்டியிலிருந்து புறப்படும் குழாயை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தால் அதன் நுட்பம் விளங்கும்: அது ஒரு குழாய் அன்று, ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய இரண்டு குழாய்கள். பல மாதிரிகளில் உட்குழாய் 4 அங்குல விட்டமும், அதைச் சூழ்ந்த வெளிக்குழாய் ஆறே முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த விட்டமும் உடையவை. உட்குழாய் வழியாகக் கழிவு வாயு வெளியேறுகிறது. இரண்டுக்கும் நடுவேயுள்ள வளையமான இடைவெளி வழியாகத் தீ எரிவதற்கான காற்று வெளியிலிருந்து உள்ளே வருகிறது. போகிற வாயுவின் சூட்டில் வருகிற காற்று சற்றே இளஞ்சூடாகிவிடுவதும், வருகிற காற்றினால் வெளிக்குழாய் அதிகம் கொதிக்காமல் இருப்பதும் இந்த அமைப்பில் தாமாகவே கிடைக்கும் அனுகூலங்கள். அடுப்பு வீட்டுக்குள் இருக்கிறதே தவிர, அதன் சுவாசம் முழுவதும் வீட்டுக்கு வெளியே நிகழ்கிறது.

மற்ற இரண்டு வகைகளோடு ஒப்பிட்டால் இதன் மேன்மை இன்னும் தெளிவாகும். ‘பி வென்ட்’ எனப்படும் வகை, அறைக் காற்றை எடுத்துக்கொண்டு கழிவை மட்டும் கூரைமேல் அனுப்புகிறது. பிராங்க்ளின் கண்ட குறை சிறிய அளவில் அதிலும் உண்டு. ‘வென்ட்-ஃப்ரீ’ எனப்படும் வகைக்கோ குழாயே கிடையாது. எரிந்த கழிவு அனைத்தும் அறைக்குள்ளேயே கலந்துவிடுகிறது. உஷ்ணத்தில் ஒரு துளியும் வீணாவதில்லை என்று விளம்பரம் செய்வார்கள், அது மெய்தான். ஆனால் உஷ்ணத்தோடு சேர்ந்து நைட்ரஜன் டை ஆக்ஸைடும் வீணாகாமல் அறையிலேயே தங்கிவிடுகிறது. ஒரு கன மீட்டர் இயற்கை வாயு எரிந்தால் சுமார் ஒன்றரை லிட்டர் நீர் ஆவியாக உண்டாகி, இறுக மூடிய குளிர்கால வீட்டின் ஜன்னல்களில் வழிந்து சுவரில் பூஞ்சைக்கு வித்திடுகிறது. அமெரிக்காவின் பல ராஜ்யங்கள் இதற்கு இடம் கொடுத்தாலும், கலிபோர்னியா ராஜ்யமும் கனடாவும் குடியிருக்கும் வீடுகளுக்குள் இதை அனுமதிப்பதில்லை.

நம்மவர் வீடுகளுக்கு டைரக்ட் வென்ட் விசேஷமாகப் பொருந்துவதற்குச் சமையலறையும் ஒரு காரணம். மீன் பொரிக்கும்போதும் மிளகாய் தாளிக்கும்போதும் அடுப்புக்கு மேலே முழு வேகத்தில் சுழலும் புகையிழுக்கும் விசிறி, நிமிஷத்துக்கு நூற்றுக்கணக்கான கன அடிக் காற்றை வெளியே தள்ளிவிடுகிறது. புதிதாகக் கட்டிய வீடுகளில் சந்து பொந்துகள் மிகக் குறைவாதலால், வெளியே போன காற்றுக்கு ஈடான காற்று சுலபமாக உள்ளே வர முடியாமல் வீட்டினுள் அழுத்தம் தணிகிறது. அப்பொழுது அறைக் காற்றை நம்பி எரிகிற சாதனத்தின் புகைபோக்கி எதிர்த்திசையில் இழுக்கத் தொடங்கி, மேலே போகவேண்டிய கழிவு வாயு கூடத்துக்குள் இறங்கிவிடக்கூடும். மூடிய பெட்டிக்குள் எரியும் தீக்கு வீட்டின் அழுத்தத்தோடு சம்பந்தமில்லை. விசிறி எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் அது தன் வழியே எரிந்துகொண்டிருக்கும். படுக்கையறையில் வைப்பதற்கும் இவ்வகைக்கு அனுமதி கிடைப்பது இந்தக் காரணத்தினாலேயே.

பெரிய எண்ணின் மயக்கம்

வட அமெரிக்காவில் உஷ்ணத்தின் அளவை இன்னமும் பி.டி.யூ. என்ற பழைய பிரிட்டிஷ் அலகிலேயே சொல்லுகிறார்கள். ஒரு பவுண்டு நீரை ஒரு பாரன்ஹீட் டிகிரி சூடாக்கத் தேவையான உஷ்ணமே ஒரு பி.டி.யூ. ஒரு மணி நேரத்தில் 3,412 பி.டி.யூ. என்பது ஒரு கிலோவாட்டுக்குச் சமானம். கடையில் வைத்திருக்கும் கணப்படுப்புகள் மணிக்குச் சுமார் 15,000 முதல் 40,000 பி.டி.யூ. வரையில் எரிபொருளை உட்கொள்பவை. இங்கே கவனிக்கவேண்டியது, அட்டையில் கொட்டை எழுத்தில் காணப்படும் எண் பெரும்பாலும் அடுப்பு உட்கொள்ளும் அளவே என்பது. அறைக்குக் கிடைக்கும் அளவு அதைவிடக் குறைவு.

எவ்வளவு குறைவு என்பதைத் திறன் வீதம் சொல்லும். கனடாவில் பி.4 என்ற தர விதிப்படி சோதித்துப் பெறும் எனர்கைடு எண்ணே நம்பத்தக்கது. ஏனெனில், அடுப்பு நன்றாகச் சூடேறி நிலைத்து எரியும்போது மட்டும் எடுத்த உச்ச எண்ணைப் போலன்றி, அணைந்தும் எரிந்தும் போகும் சுழற்சியில் நேரும் நஷ்டத்தையும், சிறுதீபம் தின்னும் வாயுவையும் அது கணக்கில் சேர்த்துக்கொள்ளுகிறது. ஒரே அடுப்புக்கு விளம்பரத்தாளில் 80 சதவீதம் என்றும் எனர்கைடில் அதைவிடக் கணிசமாகக் குறைந்த எண்ணும் காணப்பட்டால் அதில் மோசடி ஒன்றுமில்லை. இரண்டும் வெவ்வேறு சோதனைகள். ஓர் அடுப்பை இன்னோர் அடுப்போடு ஒப்பிடும்போது மட்டும் எனர்கைடை எனர்கைடோடுதான் ஒப்பிடவேண்டும்.

இனி அறையின் தேவையைப் பார்ப்போம். கூடமும் அதை அடுத்த சாப்பாட்டு அறையுமாகச் சேர்ந்து 400 சதுர அடி கொண்ட ஒரு பழைய வீட்டை உதாரணமாக வைத்துக்கொள்வோம். ஜன்னல்கள், சுவர்கள், கூரை ஆகியவற்றின் வழியாக வெளியேறும் உஷ்ணத்தைக் கணக்கிட்டவர், மிகக் குளிர்ந்த இரவில் அந்த இடத்துக்கு மணிக்கு 12,000 பி.டி.யூ. போதும் என்று சொல்லுவதாகக் கொள்வோம். 70 சதவீதத் திறனுள்ள 20,000 பி.டி.யூ. அடுப்பு அறைக்கு 14,000 கொடுத்துவிடும். தேவைக்கு மேல் சிறிது மிச்சமும் உண்டு. ஆனால் நம் கணவர் ஆசைப்பட்ட 40,000 பி.டி.யூ. அடுப்பை வாங்கினால், அதன் தீயைப் பாதியாகக் குறைத்து வைத்தாலும் 14,000 வந்துவிடும். அதாவது, வருஷத்தின் மிகக் கொடிய இரவில்கூட அதன் பாதித் தீயே தேவைக்கு மேல். சாதாரண குளிர்நாளில் அது பத்து நிமிஷம் எரிந்து அறையை வேக வைத்துவிட்டு அணையும். சற்று நேரத்தில் மறுபடி பற்றும். தீயைப் பார்த்துக்கொண்டு உட்காரவேண்டும் என்று பணம் செலவழித்தவர்கள், பெரும்பாலான பொழுது அணைந்த பெட்டியையே பார்த்துக்கொண்டிருக்க நேரிடும்.

ஆகையால் உச்ச எண்ணைவிடக் கவனமாகக் கேட்கவேண்டியது, தீயை எவ்வளவு தூரம் தணிக்கமுடியும் என்பதையே. வீடு முழுவதையும் ஒரு கணப்படுப்பினால் சூடாக்கிவிடலாம் என்ற எண்ணமும் பெரும்பாலும் ஏமாற்றத்திலேயே முடியும். சூடான காற்று மாடிப்படி ஏறிப் போகுமே ஒழிய, மூடிய கதவுகளைத் தாண்டிப் பக்கத்து அறைக்குப் போகாது. அதிகமாகப் புழங்கும் அறையைக் கணப்பினால் சூடாக்கிக்கொண்டு, ஃபர்னஸின் தெர்மோஸ்டாட்டை இரண்டு மூன்று டிகிரி தணித்து வைப்பதே சிக்கனத்துக்கு உகந்த வழி.

வடிவத்திலும் மூன்று பிரிவுகள் உண்டு. பழைய செங்கல் கணப்பு இருக்கும் வீட்டில் அதன் வாய்க்குள் செருகிவிடும் ‘இன்ஸர்ட்’ பொருந்தும். இதற்கு ஒன்றுக்குள் ஒன்றான குழாய்க்குப் பதிலாக, பழைய புகைபோக்கிக்குள் பக்கம் பக்கமாக இரண்டு வளையும் குழாய்களை இறக்குவார்கள். புதிய சுவர் கட்டி அதனுள் பதிப்பது இன்னொரு வகை. கால்கள் வைத்துத் தரையில் தனியே நிற்கும் ‘ஸ்டவ்’ மூன்றாவது. அதன் இரும்புடல் எல்லாப் பக்கமும் அறைக்குள்ளேயே இருப்பதால், முன்புறம் மட்டுமன்றிப் பக்கங்களிலிருந்தும் மேலிருந்தும் உஷ்ணம் வீசும். சூடே நோக்கமென்றால் மூன்றாவது வகையே சிரேஷ்டம்.

மின்சாரம் நின்ற இரவு

2013-ஆம் வருஷம் டிசம்பர் மாதம், கிறிஸ்துமஸுக்குச் சில நாட்களே இருந்த வேளையில், டொராண்டோவில் பனிமழை பெய்தது. விழுந்த நீர்த்துளி விழுந்த இடத்திலேயே உறைந்து, மரக்கிளைகள் கண்ணாடிக் கவசம் பூண்டு கனம் தாங்காமல் முறிந்து மின்கம்பிகளின் மேல் சாய்ந்தன. டொராண்டோ ஹைட்ரோ ஸ்தாபனத்தின் வாடிக்கையாளர்களில் சுமார் 3,00,000 பேர் மின்சாரத்தை இழந்தார்கள்; ஸ்கார்பரோவும் கடுமையாக அடிபட்ட பகுதிகளுள் ஒன்று. அதற்கு முன்பு, 1998 ஜனவரியில் கியூபெக் மாகாணத்தையும் ஒன்டாரியோவின் கிழக்குப் பகுதியையும் தாக்கிய பனிப்புயலில் உயர்ந்த இரும்புக் கோபுரங்களே சரிந்து, பல ஊர்கள் வாரக்கணக்கில் இருளிலும் குளிரிலும் கிடந்தன.

அத்தகைய இரவில்தான் ஓர் உண்மை பலருக்கு முதன்முதலாகத் தெரியவந்தது: வாயுவினால் எரிகிற ஃபர்னஸும் மின்சாரம் இல்லாவிட்டால் ஓடாது. பூமிக்கடியிலுள்ள குழாயில் வாயு தடையின்றி வந்துகொண்டிருந்தாலும், சூடான காற்றை வீட்டில் பரப்பும் விசிறிக்கும் கட்டுப்பாட்டுக் கருவிக்கும் மின்சாரம் வேண்டுமே! செய்வதறியாமல் கரி அடுப்பை வீட்டுக்குள் கொண்டுவந்து எரித்து, கார்பன் மோனாக்ஸைடு என்ற நச்சுவாயுவுக்கு இலக்கானவர்களும் உண்டு.

கணப்படுப்பு இந்த வேளையில் பிரயோஜனப்படுமா என்பது, அது பற்றவைக்கப்படும் முறையைப் பொறுத்தது. முறைகள் இரண்டு. பழைய முறையில், சுண்டுவிரல் நுனியளவு நீலச் சுடராக ஒரு சிறுதீபம் இரவும் பகலும் எரிந்துகொண்டே இருக்கிறது. அதன் சூட்டில் நனைந்து நிற்கும் ஓர் உலோகக் கம்பிக்கட்டு, ஒரு வோல்ட்டுக்கும் குறைவான மின்சாரத்தைத் தானே உற்பத்தி செய்து வாயுக் குமிழைத் திறந்து பிடித்துக்கொண்டிருக்கிறது. சுடர் அணைந்தால் கம்பி ஆறும். கம்பி ஆறினால் மின்சாரம் நிற்கும். மின்சாரம் நின்றால் குமிழ் மூடிக்கொள்ளும். வெளியிலிருந்து ஒரு துளி மின்சாரமும் வாங்காமல், காவலையும் வேலையையும் ஒருங்கே செய்கிற இந்த ஏற்பாட்டின் எளிமை வியக்கத்தக்கது. இதன் பிரதிகூலம் செலவு: மணிக்கு 750 பி.டி.யூ. தின்னும் சிறுதீபம் ஒரு நாளைக்கு 18,000 பி.டி.யூ., அதாவது சுமார் அரைக் கன மீட்டர் வாயுவை விழுங்குகிறது. கோடைகாலத்திலும் அணைக்காமல் விட்டால் அவ்வளவும் தண்டம்.

புதிய முறையில், பொத்தானை அழுத்தும்போது மட்டும் மின்பொறி தெறித்துச் சிறுதீபம் பற்றுகிறது. வேலை முடிந்ததும் அதுவும் அணைந்துவிடுகிறது. சிக்கனத்தை முன்னிட்டு இப்பொழுது வரும் மாதிரிகளில் பெரும்பாலானவை இவ்வகையே. இதற்கு மின்சாரம் தேவையாகையால், பாட்டரி போட்டு இயக்கும் வசதி உண்டா, அது எங்கே இருக்கிறது, பாட்டரியை மாற்றுவது எப்படி என்ற மூன்றையும் கடையிலேயே செய்து காட்டச் சொல்லிப் பார்த்துவிடவேண்டும். இருட்டில், கைகள் விறைத்திருக்கும் வேளையில், விளக்கப் புத்தகத்தைத் தேடுவது உசிதமன்று. அடுப்போடு இணைந்த காற்றுவிசிறி மின்சாரமில்லாமல் சுழலாது; அது நின்றாலும் இரும்புடலிலிருந்தும் கண்ணாடியிலிருந்தும் வீசும் உஷ்ணமே ஓர் அறையைக் காப்பாற்றப் போதும்.

குழாயின் வாய்

இவ்வளவுக்கும் ஆதாரம் சுவருக்கு வெளியே தலை நீட்டும் அந்தக் குழாயின் வாய். அது அடைபட்டால் என்ன ஆகும் என்பதற்கு, ஒன்டாரியோ மாகாணத்து உட்ஸ்டாக் நகரில் 2008 டிசம்பரில் நிகழ்ந்த துயரம் சாட்சி. வாயுக் கணப்பின் கழிவு செல்லும் வழி அடைபட்டதால் கார்பன் மோனாக்ஸைடு வீட்டுக்குள் பரவி, ஹாக்கின்ஸ் குடும்பத்தில் தாய், தந்தை, இரண்டு குழந்தைகள் ஆகிய நால்வரும் மாண்டார்கள். அந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினைப் பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கும் மேற்பட்ட வலிமையோடு பற்றிக்கொள்ளும் அதன் சுபாவத்தினால், தலைவலி என்று படுத்தவர் எழுந்திருப்பதில்லை. அவ்வீட்டில் எச்சரிக்கைக் கருவி இல்லை. சட்டமன்ற உறுப்பினர் எர்னி ஹார்டெமன் பல முறை முயன்று கொண்டுவந்து, 2013-இல் நிறைவேறிய ஹாக்கின்ஸ் கிக்னாக் சட்டத்தின் பயனாக, எரிபொருள் சாதனமுள்ள ஒன்டாரியோ வீடுகளில் படுக்கையறைகளின் அருகே அக்கருவி இருப்பது இன்று கட்டாயம்.

டைரக்ட் வென்ட் அடுப்பு மூடிய பெட்டியாக இருப்பதனால் இந்த அபாயம் வெகுவாகக் குறைகிறதே ஒழிய, முற்றிலும் ஒழிந்துவிடுவதில்லை. கண்ணாடியைச் சுற்றியுள்ள அடைப்புநாடா நைந்துபோனாலும், குழாயின் மூட்டு விலகினாலும், வாயைப் பனி மூடினாலும் ஆபத்து உள்ளே வர வழி பிறக்கும். ஆகையால்தான் குழாயின் வாய் இருக்கவேண்டிய இடத்தைப் பற்றி விதிகள் இவ்வளவு கண்டிப்பாக உள்ளன. கனடாவின் விதிப்படி, இத்தகைய அடுப்பின் குழாய் வாய் திறக்கக்கூடிய ஜன்னலிலிருந்து குறைந்தது 12 அங்குலமும், இயந்திரத்தால் வீட்டுக்குள் காற்றை இழுக்கும் துவாரத்திலிருந்து 6 அடியும் விலகி இருக்கவேண்டும். தரைமட்டத்துக்கு மாத்திரமன்றி, பனி குவியக்கூடிய எந்த மட்டத்துக்கும் 12 அங்குலம் மேலே இருக்கவேண்டும். அடுப்பின் தயாரிப்பாளர் இதைவிடக் கடுமையான அளவு விதித்திருந்தால் அதுவே செல்லும்.

நெருக்கமாகக் கட்டிய வரிசை வீடுகளில் இந்த அளவுகளே அடுப்பின் ஸ்தானத்தைத் தீர்மானித்துவிடுகின்றன. பக்கச் சுவர் அண்டை வீட்டுக்காரருடன் பொதுவானது, முன்சுவரில் ஜன்னல், பின்சுவரில் கதவு, மிச்சமுள்ள இடத்தில் வாயு மீட்டர். குழாயை எவ்வளவு தூரம் படுக்கை வாட்டில் கொண்டுபோகலாம், எத்தனை முழங்கை வளைவுகள் போடலாம் என்பதற்கும் ஒவ்வொரு மாதிரிக்கும் தனித்தனி வரைபடம் உண்டு; ஒவ்வொரு வளைவும் அனுமதித்த நீளத்தில் ஒரு பகுதியைத் தின்றுவிடும். ஆகையால், கடைக்குப் போகுமுன் ஒரு காகிதத்தில் வெளிச்சுவரை வரைந்து, ஜன்னல், கதவு, மீட்டர், காற்றுத் துவாரம், போன மாசியில் பனி குவிந்த உயரம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு போகிறவருக்கு, பாதி மாதிரிகள் பார்வையிலேயே கழிந்துபோகும். கூட்டு நிர்வாகத்துக்கு உட்பட்ட ‘காண்டோ’ வீடுகளில் வெளிச்சுவர் பொதுச் சொத்தாதலால், நிர்வாகத்தின் எழுத்துமூலமான சம்மதம் இல்லாமல் அதில் துளையிடக் கூடாது.

கண்ணாடியும் குழந்தையும்

தீயின் சௌந்தர்யத்துக்கு இப்பொழுது வரலாம். பீங்கானால் செய்த போலிக் கட்டைகள், தணல்போல் மினுங்கும் துகள்கள், மஞ்சள் நாக்காக எழும் சுடர் ஆகிய இவை மாதிரிக்கு மாதிரி வேறுபடும். அவரவர் ரசனைப்படி தேர்ந்துகொள்ளலாம். கட்டைகளை வரைபடத்தில் காட்டியபடியே அடுக்கவேண்டும் என்பது ஒன்றே இதில் நிபந்தனை. அழகுக்காக ஒரு கட்டையைச் சற்று நகர்த்திச் சுடரின் வழியில் வைத்தால், தீ சரியாக எரியாமல் கண்ணாடியில் கரி படியத் தொடங்கும்.

குழந்தைகளும் வயோதிகர்களும் உள்ள வீட்டில் அழகைவிட முக்கியமானது கண்ணாடியின் உஷ்ணம். எரியும் அடுப்பின் கண்ணாடி, தொட்ட கணத்தில் தோலைக் கருக்கும் அளவுக்குக் கொதிக்கும். அணைத்த பின்பும் வெகுநேரம் ஆறாது. தத்தி நடக்கும் குழந்தை, பளபளப்பைக் கண்டு இரண்டு உள்ளங்கைகளையும் ஊன்றிவிடுவதே இத்தகைய விபத்துகளின் வழக்கம். கண்ணாடியின் வெப்பம் 78 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடிய அடுப்புகளுக்குக் காப்புத்திரை சேர்த்தே தரவேண்டும் என்று வட அமெரிக்கத் தர விதிகள் 2015 முதல் கட்டாயப்படுத்தியிருக்கின்றன. தீ மங்கலாகத் தெரிகிறது என்று அந்தத் திரையைக் கழற்றிப் பரணில் போடுபவர்கள் இருக்கிறார்கள். பேரக்குழந்தை வருகிற வீட்டில் அது செய்யத்தகாத காரியம். பழைய அடுப்புள்ள வீட்டை வாங்குகிறவர்கள் தனியே ஒரு தடுப்பு வாங்கி வைப்பது நலம்.

பொருத்துபவர்

தெரிந்தவர், உறவினர், கைராசிக்காரர் என்ற தகுதிகள் வாயு வேலைக்குச் செல்லா. ஒன்டாரியோவில் வாயுச் சாதனம் பொருத்துகிறவர், டி.எஸ்.எஸ்.ஏ. எனப்படும் தொழில்நுட்பப் பாதுகாப்பு அமைப்பில் பதிவு பெற்ற ஒப்பந்தக்காரராக இருக்கவேண்டும். வேலை செய்யும் தொழிலாளிக்கும் உரிய வகுப்பு உரிமச் சீட்டு வேண்டும். சீட்டைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் அவமரியாதை ஒன்றுமில்லை. நகரக் குழாய் எட்டாத கிராமப்புறத்தில் புரொப்பேன் தொட்டி வைத்துக்கொள்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: ஒரே கன அடியில் இயற்கை வாயு ஏறக்குறைய 1,000 பி.டி.யூ. தர, புரொப்பேன் சுமார் 2,500 தருவதால், வாயு வெளிவரும் ஊசித்துளையை மாற்றாமல் ஒன்றுக்குரிய அடுப்பில் மற்றொன்றை எரிப்பது பேராபத்து. மேலும் புரொப்பேன் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலெழுந்து கலையாமல் பேஸ்மென்ட்டின் தரையில் தேங்கும்.

புது அடுப்பை முதலில் எரிக்கும்போது வர்ணம் காய்வதால் நெடி வரும். ஜன்னலைத் திறந்து வைத்துச் சில மணி நேரம் எரியவிட்டால் அது போய்விடும். அழுகிய முட்டை நாற்றமோ வேறு. அது வாயுக் கசிவின் அடையாளம். அப்பொழுது விளக்கைப் போடாமலும் அணைக்காமலும் எல்லோரையும் அழைத்துக்கொண்டு வெளியே போய், அங்கிருந்துதான் தொலைபேசியில் தகவல் சொல்லவேண்டும். வருஷத்துக்கு ஒரு முறை, குளிர் தொடங்குமுன், அடைப்புநாடா, சிறுதீபம், குழாய் மூட்டு ஆகியவற்றைத் தக்கவரிடம் காட்டிச் சோதிப்பது அவசியம். கோடையில் சிலந்திகள் ஊசித்துளையில் வலை பின்னிவிடுவது சர்வசாதாரணம்.

கட்டணமும் காலமும்

வாயு மலிவா, மின்சாரம் மலிவா என்ற கேள்விக்கு எல்லா ஊருக்கும் பொதுவான விடை இல்லை. ஆனால் விடை காணும் வழி பொதுவானது. ஒரு கன மீட்டர் இயற்கை வாயுவை 70 சதவீதத் திறனுள்ள அடுப்பில் எரித்தால் அறைக்குக் கிடைப்பது சுமார் 7.2 யூனிட் உஷ்ணம். சாதாரண மின்சார ஹீட்டரில் அதே உஷ்ணத்துக்கு 7.2 யூனிட் மின்சாரம் வேண்டும். வெளிக்காற்றிலிருந்து உஷ்ணத்தைக் கவர்ந்து உள்ளே கொண்டுவரும் ‘ஹீட் பம்ப்’, ஒரு யூனிட் மின்சாரத்துக்கு இரண்டரை யூனிட் உஷ்ணம் தருவதாக வைத்துக்கொண்டால், 2.9 யூனிட் மின்சாரமே போதும். உங்கள் இரண்டு பில்களையும் எடுத்துவைத்துக்கொண்டு, ஒரு கன மீட்டர் வாயுவின் முழு விலையை இந்த இரண்டு அளவு மின்சாரத்தின் விலைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தால், விற்பனையாளரின் வாய்ஜாலம் எதுவும் தேவைப்படாது.

பூமியின் சூடு ஏறிவருவதைக் கருதுகிறவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு: ஒரு கன மீட்டர் வாயு எரிந்தால் ஏறத்தாழ 1.9 கிலோ கரியமிலவாயு வானத்தில் சேர்கிறது. அரசாங்கங்களின் போக்கும் அதற்கேற்ப மாறிவருகிறது. நுண்துகள்களை அதிகம் கக்கும் விறகுக் கணப்புகளை 2018 அக்டோபரிலிருந்து தடுத்த மான்ட்ரியால் மாநகரம், புதிதாகக் கட்டும் சிறு கட்டிடங்களில் வாயுச் சாதனங்களையும் 2024 அக்டோபரிலிருந்து தடுத்துவிட்டது. நீர்மின்சாரம் மலிவாகக் கிடைக்கும் அந்த நகரத்தில் புதிய வீட்டுக்கு வாயு அடுப்பைப் பற்றி யோசிப்பதற்கே அநேகமாக இடமில்லை. ஒன்டாரியோவில் நிலைமை வேறு. ஆனாலும், அடுப்பின் ஆயுள் பதினைந்து இருபது வருஷங்கள் என்பதையும் அதற்குள் விதிகள் மாறலாம் என்பதையும் மனத்தில் வைத்துத்தான் பணம் போடவேண்டும்.

ஆகவே, யார் வாங்கலாம், யார் வேண்டாம் என்று சொல்லிவிடுவது நியாயம். வீட்டுக்கு வாயுக்குழாய் ஏற்கெனவே வந்திருக்கிறது, குளிரும் பனிமழையும் மின்சாரத்தை நிறுத்திவிடும் ஊர், குடும்பம் கூடும் அறை ஒன்று இருக்கிறது, குழாயின் வாய்க்குத் தகுந்த சுவரும் இருக்கிறது என்பவர், அறையின் தேவைக்கு மேல் போகாத, தாழத் தணியக்கூடிய, மின்சாரமின்றியும் எரியக்கூடிய ஒரு டைரக்ட் வென்ட் ஸ்டவ்வைத் தயங்காமல் வாங்கலாம். ஹீட் பம்ப் வைத்துக்கொண்டவருக்கும் அது புயல்நாளின் துணையாக இருக்கும். வாடகைக்கு இருப்பவரும், காண்டோவில் வசிப்பவரும், வாயுக்குழாயைப் புதிதாக இழுத்துவரவேண்டியவரும், தீயின் தோற்றம் மட்டுமே வேண்டுமென்பவரும் இதில் பணத்தைப் போடாமல், சுவர்ச் சந்துகளை அடைத்து ஜன்னலைச் செப்பனிட்டுக்கொண்டால், அதே தொகையில் வீடு முழுவதுமே கதகதப்பாகும். வாங்குவதென்று தீர்மானித்தவர் கடைக்குள் நுழைந்ததும், “எங்கட சுவருக்குப் பொருந்துறதைக் காட்டுங்கோ, அண்ணை” என்று ஆரம்பிக்கட்டும். அந்தச் சோதனையில் தேறி நிற்கும் இரண்டு மூன்று அடுப்புகளுள் எது வடிவு என்று பிறகு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் தம்பதிகள் வாதாடிக்கொள்ளலாம்.